வேளாங்கண்ணிக்குக் கால்நடையாக: புறப்படுமுன் சில சொற்கள்

(பொன்விழா ஆண்டுத் திருயாத்திரைக்குப் பெயர் கொடுத்தவர்களுக்குப் பங்குத் தந்தை கோவில் மண்டபத்தில் ஆற்றிய உரை)



நமது ஆலயத்தின் பொன்விழாவை முன்னிட்டு ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்திற்கு நடந்தே போவது என்று பங்குப் பேரவை முடிவு செய்து, அறிவிப்பு வாசித்த இரண்டு ஞாயிறுகளிலேயே எழுபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் பட்டியலைப் பார்த்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுபத்திரண்டு பேர் என்றால் நூற்று நாற்பத்து நான்கு கால்கள். சென்னையிலிருந்து வேளாங்கண்ணி ஏறக்குறைய 320 கிலோமீட்டர். ஆகஸ்ட் 28-ஆம் தேதி விடியற்காலையில் புறப்பட்டு, செப்டம்பர் 6-ஆம் தேதி மாலை போய்ச் சேர்ந்தால் பத்து நாள். நாளொன்றுக்கு 32 கிலோமீட்டர். 29-ஆம் தேதி அங்கே கொடி ஏறும்போது நாம் வழியில் இருப்போம். 7-ஆம் தேதி மாலைத் தேர்ப்பவனிக்கும், மறுநாள் அன்னையின் பிறப்பு விழாவுக்கும் அங்கே இருக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான். இந்தக் கணக்கைக் கால்கள் ஒப்புக்கொள்ளுமா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பிரசங்கம் வைக்கப் போகிறேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இன்று பெரும்பாலும் செருப்பு, எண்ணெய், கழிப்பறை, இவைதான்.

முதலில் ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நான் இருந்தபோது ஒரு குழுவோடு நடந்தேன். அதில் அறுபது வயதைத் தொட்ட ஒரு பெரியவர். மகளுக்குப் பிள்ளை வரம் கேட்டு, கிடைத்தால் செருப்பில்லாமல் நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டவர். பேரன் பிறந்துவிட்டான். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. அதை எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் சாமியார் விடமாட்டார் என்று பயம். நானும் கேட்கவில்லை. குற்றத்தில் பெரிய பங்கு என்னுடையது. புதுச்சேரி தாண்டிய அன்று அவர் வலது காலின் சுண்டு விரலுக்கு அடியில் ஒரு கொப்புளம். அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததையே அன்னையின் அருள் என்று அவரும் நினைத்தார். பார்த்த நாங்களும் நினைத்தோம். சர்க்கரை வியாதி முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும், அதனால்தான் வலி தெரியவில்லை என்பது பின்னால் மருத்துவர் சொல்லித்தான் விளங்கிற்று. வேளாங்கண்ணி சேர்ந்தபோது விரல் கறுத்திருந்தது. ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவர் இன்றும் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர். இதை எல்லாரிடமும் சொல்லுங்கள் சாமி என்று அவரே சொன்னபடியால்தான் சொல்கிறேன்.

ஆகையால் நம் பட்டியலில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, வலிப்பு ஆகியவை உள்ளவர்கள் அதை எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் தடுத்துவிடுவேன் என்று அஞ்ச வேண்டாம். மருத்துவர் சரி என்றால் வரலாம். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் ஓரடிகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது. ஒவ்வொரு நாள் இரவும் இன்னொருவர் அவர்கள் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். தங்கள் கண்ணால் தாங்களே அடிப்பாதத்தைப் பார்ப்பது வயதானவர்களுக்கு இயலாத காரியம். நடை கூடும்போது இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று முன்னதாகவே மருத்துவரைக் கேளுங்கள். மடியில் நாலு சர்க்கரைக் கட்டியோ வெல்லமோ எப்போதும் இருக்கட்டும்.

“நான் வெறுங்காலோடு வருவதாக நேர்ந்துவிட்டேனே, சாமி” என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்ச்சை கடவுளுக்குக் கொடுத்த வாக்கு, விளையாட்டல்ல. ஆனால் திருச்சபை நம்மைவிட அறிவுள்ள தாய். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1196-ஆம் எண்ணைப் பாருங்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து, தகுந்த காரணம் இருந்தால், பங்குக் குருவே விலக்கு அளிக்கலாம். அடுத்த எண்ணில், நேர்ந்தவரே அதைவிட மேலான அல்லது அதற்குச் சமமான ஒரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. இதற்கு ஆயர் இல்லத்திற்கோ உரோமைக்கோ எழுத வேண்டியதில்லை. பூசை முடிந்து சக்கிறீஸ்துக்கு வாருங்கள், ஐந்து நிமிட வேலை. வெறுங்காலுக்குப் பதிலாக, வழியில் நடக்க இயலாமல் பின்தங்குகிறவரோடு கூடவே வருவது என்று மாற்றிக்கொள்ளுங்கள். அது வெறுங்காலைவிடக் கடினம் என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் பன்னிருவரை வழியனுப்பும்போது பையும் வேண்டாம், காசும் வேண்டாம் என்கிறார். மிதியடியை மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். மத்தேயுவில் மிதியடியும் வேண்டாம் என்றல்லவா இருக்கிறது என்று நம் உபதேசியார் கை தூக்குகிறார். தெரியும். அந்த விவாதத்தை வேளாங்கண்ணி போய் வைத்துக்கொள்வோம். உடல்நலம் உள்ளவர்கள் வெறுங்காலில் வருவதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதத்துத் தார்ச்சாலை காலை பத்து மணிக்கே தோசைக்கல். வெறுங்காலினர் சாலையோரத்து வெள்ளைக் கோட்டின்மேல் வரிசையாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பைவிட வெள்ளையில் சூடு குறைவு. அந்தக் கோட்டை நம்பித்தான் பலர் வண்டிக்கு அருகே போய்விடுகிறார்கள்.

செருப்பு போடுகிறவர்கள் தயவுசெய்து புதிது வாங்கிப் போட்டு வராதீர்கள். யாத்திரைக்கென்று புதுச் செருப்பு எடுப்பது நம்மவர் வழக்கம், கலியாணத்திற்கு எடுப்பதுபோல. முதன்முறை நானும் அப்படித்தான் எடுத்தேன். மாமல்லபுரம் சேருமுன் இரண்டு குதிகாலும் உரிந்து, மீதி வழியைக் கட்டுப்போட்டபடி நடந்தேன். இன்றே வாங்குங்கள், புறப்படும் நாளுக்குள் அது நூறு கிலோமீட்டராவது உங்கள் காலோடு நடந்திருக்கட்டும். மாலை வேளையில் கடைக்குப் போங்கள். பகல் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். நடைப் பயணத்தில் இன்னும் வீங்கும். விரல் முன்னால் இடிக்காதபடி ஒரு சுண்டு விரல் அகலம் இடம் வேண்டும். குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ள செருப்பு நல்லது. குளியலறைக்குப் போடும் ரப்பர் செருப்பு, தங்கும் இடத்தில் போட மட்டும். காலுறை போடுகிறவர்கள் மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த காலுறைதான் கொப்புளத்தின் தாய்.

நகத்தைப் புறப்படும் முந்தின நாள் வெட்டாதீர்கள். ஒரு வாரம் முன்பே வெட்டுங்கள். தினமும் நடை தொடங்குமுன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலீனோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். தொடை இடுக்கிலும் தடவ வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. பாதி வழியில் கால் அகட்டி நடக்கிறவர்களைப் பார்த்தால் காரணம் அதுதான். ஓரிடத்தில் சுள்ளென்று சூடாக உணர்ந்தால் அடுத்த ஊர் வரட்டும் என்று இருக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளமே வந்துவிட்டால் தோலைப் பிய்க்கக் கூடாது. சிறியது என்றால் தொடவே வேண்டாம். பெரியது என்றால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, தோலை அப்படியே படியவிட்டு, மருந்திட்டுக் கட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வைத்தியமும் கிடையாது, நேரே மருத்துவர்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டரில் தொடங்கி இருபது வரைக்கும் கூட்டுங்கள். ஒருமுறையாவது அடுத்தடுத்து இரண்டு நாள் இருபது நடந்து பாருங்கள். முதல் நாள் எவரும் நடந்துவிடலாம். இரண்டாம் நாள் காலையில் படுக்கையை விட்டு எழும்போதுதான் உண்மை தெரியும். வேகத்திற்கு என்னிடம் ஒரு அளவுகோல் உண்டு. 53 மணிச் செபத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மூச்சு வாங்காமல் நடக்க முடிந்தால் அதுதான் சரியான நடை. அருள்நிறை மந்திரத்தின் பாதியில் மூச்சு இரைத்தால் மெதுவாகப் போங்கள். ஒரு செபமாலை முடியும்போது ஒன்றரைக் கிலோமீட்டர் கடந்திருப்போம்.

வெயிலுக்குத் தப்ப அதிகாலை நாலு மணிக்கு நடை தொடங்கி ஒன்பதரைக்குள் நிறுத்துவோம். மறுபடி மாலை நாலு முதல் எட்டு. நள்ளிரவு நடை கிடையாது. இளைஞர்கள் முகம் சுளிக்கிறீர்கள். குளிர்ச்சியாக இருக்கும், பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நள்ளிரவுக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டுகிறார்கள்? அன்னையின் பக்தர்கள் சாலையில் அடிபட்டு இறந்தார்கள் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. காவியுடை பகலில்தான் பளிச்சென்று தெரியும். இருட்டில் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொருவர் முதுகிலும் பையிலும் ஒளி தெறிக்கும் பட்டை தைத்திருக்க வேண்டும். மாதர் சங்கத்தினர் தைத்துத் தர இசைந்திருக்கிறார்கள். அன்னையின் சப்பரமும், சாமான் வண்டியும் இடப்புறமாக ஒதுங்கி மெதுவாக வரும். தனியாக அல்லது இருவராக நடக்கிறவர்கள் வலப்புறம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். இரண்டு பேருக்கு மேல் கைகோத்து நடக்க வேண்டாம். கடைசி ஆள் கையில் சிவப்பு விளக்கு. இளைஞர் இயக்கத்துத் தம்பிகள் இந்த வேலையை முறைபோட்டுச் செய்வார்கள். களைப்பாக இருக்கிறதென்று தார் ஓரத்தில் தலை சாய்ப்பவர்கள் உண்டு. பத்தடி உள்ளே போய்ப் படுங்கள். காதில் கருவி மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி நடப்பதும் கூடாது.

தண்ணீரைப் பற்றி. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டி அளந்து கலக்குங்கள். அதற்குமேல் உப்பு வேண்டாம். நீர்மோர் இன்னும் நல்லது. மோர் விற்ற முடவன் பையனுக்குக் காட்சி தந்த தாயின் திருத்தலத்திற்குப் போகும் வழியில் மோர் கிடைக்காமலா போகும்! வழிநெடுக ஊரார் பந்தல் போட்டு மோரும் கஞ்சியும் கொடுப்பார்கள். கொடுக்கிறவர்களில் இந்துக்கள் உண்டு, நாகூர்ப் பக்கம் இஸ்லாமியர் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உரோமையிலிருந்து விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் கர்தினால் தஞ்சை ஆயருக்கு எழுதிய கடிதத்தில், பிற சமயத்தார் திரளாக அன்னையிடம் வருவதை மகிழ்ச்சியோடு குறிப்பிட்டிருந்தார். நாம் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி. ஒலிபெருக்கியை ஊருக்குள்ளும் மருத்துவமனை அருகிலும் தணித்து வையுங்கள். மற்றவர்களின் கோவில், பள்ளிவாசல் முன்னால் நிறுத்தியே விடுங்கள்.

இனி, தங்கும் இடங்கள். இதில் சற்று நீளமாகவே பேசுவேன். ஏனென்றால் நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். யாத்திரிகர் வரும் சாலையோரத்துப் பங்கு ஒன்றில் ஐந்து ஆண்டுகள் குருவாக இருந்தேன். விழாக் காலத்தில் ஓர் இரவில் இருநூறு பேர் வருவார்கள். கோவிலுக்கு இருந்தது இரண்டு கழிப்பறை, ஒரு கிணறு. ஒரு குழு முன்னறிவிப்பு இல்லாமல் இரவு பதினொன்றுக்கு வந்து கதவைத் தட்டியது. திறந்துவிட்டோம். காலையில் பார்த்தால் மண்டபம் நிறையச் சோற்றிலை, காகிதத் தட்டு. கழிப்பறைத் தொட்டி பொங்கி வழிகிறது. பீடத்துக் கம்பியில் யாரோ மறந்துபோன ஈரத்துண்டு. அவ்வளவையும் அள்ளிக் கழுவியவர் எழுபது வயதுக் கோவில்பிள்ளை. அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அடுத்த குழு வந்தபோது, வாசலில் நின்று முகம் கொடுக்காமல் பேசினேன். அந்தக் குழுவோ மறுநாள் புறப்படுமுன் வளாகம் முழுவதையும் கூட்டிவிட்டுப் போனது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆகவே நாம் தங்கப்போகும் ஒன்பது இடங்களுக்கும், அவை பங்குக் கோவிலோ, பள்ளியோ, கலியாண மண்டபமோ, நான் கடிதம் எழுதியாயிற்று. எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு வருவோம் என்று எழுதியிருக்கிறேன். அந்த எண்ணிக்கை மாறக் கூடாது. கடைசி நாளில் மச்சானையும் கூட்டி வந்தேன் என்று யாரும் நிற்காதீர்கள். பெண்களுக்கு உள்ளறை, ஆண்களுக்கு வராந்தா. இது எல்லா இடத்திலும் சட்டம். கழிப்பறை பெண்களுக்கே முதலில். போதாத ஊர்களில் பேரவையினர் நடமாடும் கழிப்பறை வண்டிக்கு ஏற்பாடு செய்கிறார்கள். செலவு அதிகம் என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். இருட்டில் நம் தாய்மார்களும் பிள்ளைகளும் முட்புதரைத் தேடிப் போவதைவிட அது குறைவான செலவுதான் என்று நான் சொன்னேன். அதோடு பேச்சு முடிந்தது.

படுக்குமுன் பையைக் கட்டிவைத்துவிடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு நெகிழிப் பையைச் சரசரவென்று அவிழ்க்கும் ஒருவர் முப்பது பேர் தூக்கத்தைக் கெடுப்பார். ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு. குறட்டை விடுகிறவர்கள் வாசற்பக்கம். நான் அங்கேதான் படுப்பேன். கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்ற நாமே பலகை கொண்டுபோகிறோம். பீடத்து விளக்கின் செருகியைப் பிடுங்கிவிட்டு மாட்ட வேண்டாம். பணம் இடுப்பில் இருக்கட்டும். படுக்கும்போது பையைக் காலுக்கடியில் வைத்துப் பாதத்தை உயர்த்திக்கொண்டால் வீக்கம் வடியும், பையும் பத்திரம். புறப்படுமுன் கூட்டிப் பெருக்கி, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றி, உண்டியலில் காணிக்கை போட்டு, கோவில்பிள்ளையின் கையில் தனியாக ஏதாவது கொடுத்துவிட்டுப் போவோம். துடைப்பம் நான்கு நம் வண்டியிலேயே வரும்.

ஸ்பெயின் நாட்டில் சந்தியாகப்பர் கல்லறைக்கு நடந்து போகிறார்களே, பிரெஞ்சு எல்லையிலிருந்து ஏறக்குறைய 780 கிலோமீட்டர், அங்கே வழிநெடுக யாத்திரிகர் விடுதிகள் உண்டு. கையில் யாத்திரிகர் ஏடு இருந்தால்தான் படுக்கை. ஒவ்வொரு விடுதியிலும் முத்திரை. பொதுவாக ஓர் இரவு மட்டும். செருப்பும் சப்பாத்தும் வாசல் அலமாரியில். பத்து மணிக்கு விளக்கணைத்துவிடுவார்கள். அந்த வழி பாழ்பட்டு மறந்து கிடந்தபோது ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்துப் பங்குக் குருவான எலியாஸ் வாலிஞ்ஞா 1984-இல் மஞ்சள் வர்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய், வழிதோறும் அம்புக்குறி போட்டார். இன்றும் அந்த மஞ்சள் அம்பைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். நமக்கு வழி தெரியும், அம்பு தேவையில்லை. ஆனால் அந்த ஏடு எனக்குப் பிடித்துப்போய் நமக்கும் ஒன்று அச்சிட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் பெயர், வயது, இரத்த வகை, சாப்பிடும் மருந்து, வீட்டுத் தொலைபேசி எண். பின் பக்கங்களில் ஒவ்வொரு கோவிலின் முத்திரை. முத்திரைக்கு ஆசைப்பட்டாவது ஏட்டைத் தொலைக்காமல் வைத்திருப்பீர்கள். அவசரத்தில் மருத்துவருக்கு வேண்டியது அந்த முதல் பக்கம்.

அன்னையின் சந்நிதி சேர்ந்ததும் இரண்டு எச்சரிக்கை. கடலைக் கண்டதும் இறங்காதீர்கள். களைத்த கால் அலையைத் தாங்காது. அந்தக் கரை 2004 டிசம்பர் 26-இல் எத்தனை யாத்திரிகரைக் கொண்டுபோனது என்பதை அங்கே போகிறவர் மறக்க முடியாது. மாதா குளம் வரை மணலில் முழங்காலில் போகும் நேர்ச்சை உள்ளவர்கள் ஒரு நாள் ஓய்ந்து, புண் ஆறியதைப் பார்த்துப் போங்கள். திரும்புவதற்குப் பேருந்து பேசியாயிற்று. மோட்டார் சைக்கிளை வரவழைத்து ஓட்டிக்கொண்டு திரும்புகிறேன் என்ற பேச்சு வேண்டாம். பத்து நாள் தூக்கம் பாக்கி இருக்கும்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு இந்த மண்டபத்தில் மருத்துவச் சோதனை. சர்க்கரைக்கு இரத்தம் எடுப்பார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் வெறும் வயிற்றில் வாருங்கள், சோதனை முடிந்ததும் இட்லி உண்டு. நடக்கப் போகும் செருப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள், நான் பார்க்க வேண்டும். நேர்ச்சையை மாற்ற வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தன நேரத்தில் வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும்.